வலப்பக்கம் தொடங்கும் கோடு

"உங்கள் எழுதுணையின் அறிவு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிவிட்டது. தேர்வு நிறுத்தப்படுகிறது."

ஏழாவது கேள்வியின் நடுவில் இந்த அறிவிப்பு வந்தது. செம்மலர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. கோளாறாக இருக்கும், தானே சரியாகிவிடும் என்று நினைத்திருப்பாள்போல, கொஞ்ச நேரம் கைகளை மேசைமேல் வைத்தபடி அப்படியே இருந்தாள். பிறகு நான் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, "மேடம், இதுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

எனக்குத் தெரியும். என் திரையில் அவளுடைய எழுதுணைக்கு நேரே பச்சைக் கோடு சிவப்பாகியிருந்தது. ஆனால் பதில் சொல்ல வாய் வரவில்லை. மூன்று வருட வேலையில் நான் பார்த்த முதல் சிவப்பு அதுதான்.

வைப்பாறு பல்கலைக்கழகத்தில் நான் அணுகல் அலுவலர். கனகமணி என்று பெயர்ப் பலகை உண்டு. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வின் கதவைத் திறந்து வைப்பது என் கடமை என்று பணி ஆணை சொல்கிறது. பெரும்பாலான நாள் நான் செய்வதென்னவோ தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடுகிற வேலைதான்.

எங்களிடம் எல்லாத் தேர்வும் ஆன்லைன். மாணவர்கள் வீட்டிலிருந்தே எழுதுவார்கள். கேமரா அவர்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும். கண் திரையை விட்டு விலகினால் எச்சரிக்கை அடிக்கும். இயற்பியல் மாணவி செம்மலருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காது. முதல் பருவத் தேர்வில் அவள் காப்பி அடிக்கிறாள் என்று கேமரா நாற்பது தடவை புகார் சொன்னது. அதனால் பார்வையற்றவர்களையும் உடம்பு சொன்னபடி கேட்காதவர்களையும் வளாகத்துக்கு வரச் சொல்லி, தனி அறைகளில் உட்கார வைத்தோம். ஆன்லைன் தேர்வு எழுத பஸ் ஏறி வருகிறவர்கள் எங்கள் பல்கலைக்கழகத்தில் இவர்கள் மட்டும்தான். இதை நான் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

எழுதுணை என்பது ஒரு பெட்டி. கேள்வியைப் படித்துக் காட்டும், படம் இருந்தால் விவரிக்கும், மாணவர் சொல்வதை எழுதிக்கொள்ளும். முன்பு இதை மனிதர்கள் செய்தார்கள். அப்போது ஒரு விதி இருந்தது: எழுதித் தருகிறவர் மாணவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும், அந்தப் பாடம் தெரியாதவராக இருக்க வேண்டும். தெரிந்தவர் உட்கார்ந்தால் அவரே விடையைப் போட்டுவிடுவார் அல்லவா? நியாயமான பயம்தான். பெட்டி வந்தபோது மனிதர்கள் போனார்கள். விதி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆனால் பெட்டிக்கு எல்லாமே தெரியும். ஆகவே ஒவ்வொரு தேர்வுக்கு முன்னும் அந்தப் பாடத்தை அதிலிருந்து துடைத்தெடுத்துப் பத்தாம் வகுப்பு அளவுக்குக் கொண்டுவருவோம். அலுவலகத்தில் அதற்கு மறதி மருந்து என்று பெயர். "இயற்பியலுக்கு மருந்து குடுத்தாச்சா மேடம்?" என்று காலையில் கேட்பார்கள். நான் கொடுத்தாச்சு என்பேன்.

அன்றும் கொடுத்திருந்தேன். அதனால்தான் எனக்கு வாய் வரவில்லை.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆறுமுக நயினார் திருநெல்வேலிக்காரர். கெட்ட மனிதர் இல்லை. விதிப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற ரகம், அவ்வளவுதான். பெட்டி பேசிய பதிவைப் பார்த்தவுடன் அவருக்கு வியர்த்துவிட்டது. ஏழாவது கேள்வியில் ஒரு வரைபடம்: கடலின் ஆழம் கூடக் கூட ஒலியின் வேகம் எப்படி மாறுகிறது என்பது. அதை விவரிக்கும்போது பெட்டி தானாகவே, "இங்கே விரல் நிற்கிற ஒரு குழி இருக்கிறது. சத்தம் இந்தக் குழியில்தான் தங்கும்" என்று சொல்லியிருந்தது. அந்தக் கேள்விக்கு விடையே அதுதான்.

"இந்தப் பிள்ளை பெட்டிக்குள்ள எதையோ ஏத்திருக்கு. இல்லன்னா மருந்து குடுத்த பொறவு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார் நயினார்.

முறைகேடு என்று முடிவானால் மூன்று வருடம் தேர்வு எழுத முடியாது. செம்மலருக்குக் கடலடி ஒலியை ஆராயும் கூடம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் முதல் வகுப்பு மதிப்பெண்ணோடு போய் நிற்க வேண்டும். பார்வையுள்ளவர்கள் திரையில் பார்த்துக் குழம்புகிற சத்தங்களைக் காதால் பிரிக்கிறவள் அவள். அந்தக் கூடத்தார் நேர்காணலிலேயே அசந்துபோனார்கள் என்று அவளுடைய துறையில் பேசிக்கொண்டார்கள். இப்போது இந்தச் சிவப்புக் கோடு.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தோம்: நயினார், கேள்வித்தாள் தயாரித்த பேராசிரியர் லியாகத் அலி, நான். அன்றைக்குப் பயன்படுத்திய பெட்டி முத்திரையோடு மேசைமேல் இருந்தது. தேர்வில் மாணவர் பேசிய பேச்சு எங்களிடம் மிஞ்சுவதில்லை; அந்தரங்கம் என்று அழிந்துவிடும். பெட்டி சொன்னதும் எழுதிய விடைகளும்தான் மிச்சம். செம்மலர் எதிரே உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வெளியே வராந்தாவில் நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், வரவில்லை.

பெட்டிக்குள் எதுவும் ஏற்றவில்லை, பேசினேன், அவ்வளவுதான் என்றாள் செம்மலர். என்ன பேசினாய் என்று கேட்டார் லியாகத்.

"முதல் படத்துக்கு அது என்ன சொல்லுச்சு தெரியுமா சார்? 'ஒரு கோடு இருக்கிறது. மேலே போகிறது. கீழே வருகிறது.' அவ்வளவுதான். இத வச்சு நான் என்ன எழுதறது? எந்த எடத்துல மேல போகுது, எவ்வளவு சரிவு, எங்க வழுக்குது, எங்க நிக்குதுன்னு ஒண்ணொண்ணாக் கேட்டேன். அதுக்குச் சரிவுன்னாலே என்னன்னு சொல்லிக் குடுக்க வேண்டியிருந்துச்சு. ரெண்டாவது படத்துல கொஞ்சம் தேறிருச்சு. மூணாவதுல ஒரு குழி வந்துச்சு. குழியில சத்தம் மாட்டிக்கிட்டா வெளிய போகாது, அது எங்கன்னு பாத்துச் சொல்லுன்னேன். சொல்லுச்சு. அப்புறம் நான் கேக்காமலே சொல்ல ஆரம்பிச்சிருச்சு. நல்லாத்தான இருக்குன்னு நெனச்சேன்."

நயினார் என்னைப் பார்த்தார். பெட்டி கற்றுக்கொள்ளுமா என்று கேட்டார். கொள்ளும் என்றேன். கேட்கிறதைப் புரிந்துகொள்ளும் எந்தப் பெட்டியும் கற்றுக்கொள்ளும். மறதி மருந்து தெரிந்ததைத்தான் துடைக்கும், தெரிந்துகொள்வதைத் தடுக்காது. ஒரு தேர்வு நேரத்துக்குள் ஒரு மாணவி ஒலியியலையே அதற்குச் சொல்லிக்கொடுத்துவிடுவாள் என்று விதி வகுத்த குழுவில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"இது கதை மாதிரில்லா இருக்கு" என்றார் நயினார்.

லியாகத் அலிதான் வழி கண்டுபிடித்தார். குற்றம் சாட்டப்பட்டவளை விட்டுவிட்டு, பெட்டிக்கே தேர்வு வைப்போம் என்றார். முத்திரையை உடைத்தேன். ஒலியின் செறிவை எந்த அலகில் அளக்கிறோம் என்று கேட்டார். தெரியாது என்றது. எதிரொலி என்றால் என்ன? பத்தாம் வகுப்புப் பாடத்தில் உள்ளதை ஒப்பித்தது. யாராவது பாடத்தையே உள்ளே ஏற்றியிருந்தால் அலகு தெரியாமல் இருக்குமா என்று அவர் நயினாரைக் கேட்டார். நயினார் இருக்காது என்று தலையை ஆட்டினார்.

பிறகு லியாகத் தன் பையிலிருந்து வேறொரு வரைபடத்தை எடுத்துப் பெட்டியின் முன்னால் பிடித்தார்.

"வலது ஓரத்திலிருந்து தொடங்குகிறேன்" என்றது பெட்டி. "ஆரம்பத்தில் சமதளம். விரல் தடையில்லாமல் போகும். பிறகு ஏற்றம், மெதுவாக. இடப்பக்கம் போகப் போகச் செங்குத்து. உச்சியில் நகம் தட்டுகிற மாதிரி ஒரு முனை."

லியாகத் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார், மறுபடி காட்டினார். மறுபடியும் பெட்டி வலது ஓரத்திலிருந்துதான் தொடங்கியது.

"உலகத்துல எந்தப் புத்தகமும் வரைபடத்த வலப்பக்கத்துலேர்ந்து படிக்காது. இத எங்க பிடிச்சுது?" என்றார் அவர்.

செம்மலரின் முகம் சிவந்துவிட்டது. தப்பு செய்து மாட்டிக்கொண்டவள்போல் அல்ல, வீட்டு விஷயம் சபைக்கு வந்துவிட்டதுபோல.

"எங்க ஸ்கூல்ல தொட்டுப் பாக்கற படம் எதுவும் கெடையாது சார். அம்மாதான் புத்தகத்துப் படத்தத் தாள்ல வரைஞ்சு, கோணி ஊசியால கோட்டு மேலயே குத்திக் குடுப்பாங்க. முன்னாடி குத்துனா புள்ளி பின்னாடிதான எழும்பும்? திருப்பிப் போட்டுத்தான் தடவணும். திருப்பிப் போட்டா எல்லாம் எடம் வலம் மாறிரும். அது அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காலேஜ் வந்துதான் தெரிஞ்சுச்சு. ஆனா விரலு பழகிருச்சு. யாராவது படத்தச் சொன்னா வலப்பக்கத்துலேர்ந்து சொல்லச் சொல்லித்தான் கேப்பேன். மனசுக்குள்ள திருப்பிக்குவேன்."

நான் ஜன்னல் வழியாக வராந்தாவைப் பார்த்தேன். அந்தம்மா சுவரில் சாய்ந்து யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். தாளை முன்னாலிருந்து குத்தினார், பின்னாலிருந்து குத்தியிருக்க வேண்டும். அந்தத் தவறுதான் மகளைக் காப்பாற்றுகிறது.

முறைகேடு இல்லை என்று எழுதினோம். நான் எழுந்து செம்மலரின் தோளைத் தொட்டேன். அப்போதுதான் நயினார் தொண்டையைக் கனைத்தார்.

"முறைகேடு இல்ல, சரி. ஆனா தேர்வு செல்லாதுல்லா. யாரு சொல்லிக் குடுத்தா என்ன, எழுதுணைக்குப் பாடம் தெரிஞ்சிருக்கு. விதிப்படி ரத்து. மறுதேர்வு வச்சிருவோம். இந்தத் தடவ ஒவ்வொரு கேள்வி முடிஞ்ச ஒடனேயும் பெட்டிக்கு மருந்து குடுத்திரணும்."

அவளுக்கு மட்டும் எட்டுக் கேள்விக்கு எட்டு தடவை மருந்து. ஒவ்வொரு படத்துக்கும் சரிவு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கூடுதல் நேரம் ஏற்கெனவே தந்திருக்கிறோமே என்றார்.

செம்மலர் கைப்பை ஜிப்பை விட்டுவிட்டாள்.

"கண்ணு தெரியறவங்களும் படத்தப் பாத்துப் பாத்துத்தான சார் பழகறாங்க? அவங்க கண்ணுக்கு யாரு மருந்து குடுக்கறா?"

நயினார் விசாரணைக் கோப்பை மூடினார். போகும்போது என்னிடம் மெதுவாக, அந்தப் பெட்டியை மட்டும் அழித்துவிட வேண்டாம், அப்படியே பத்திரமாக இருக்கட்டும் என்றார். எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கே புரிந்துவிட்டது.

படத்தை விடை சொல்லாமல் விவரிப்பது எப்படி என்பது எங்களுக்குத் தீராத தலைவலி. நன்றாக விவரித்தால் விடை தெரிந்துவிடுகிறது, விவரிக்காவிட்டால் கேள்வியே தெரிவதில்லை. நிபுணர் குழுக்கள் வைத்தோம், கருத்தரங்கு நடத்தினோம், மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. இந்தப் பெட்டியோ செம்மலரிடம் கற்றதைக் கொண்டு ஏற்ற இறக்கத்தை விரலுக்குச் சொன்னது. அந்த ஒரு குழி வாக்கியத்தை மட்டும் நீக்கினால் போதும்; அளவுகோலில் பச்சைக்கு வந்துவிடும். நயினார் நீக்கச் சொன்னார். நீக்கினேன். நகல் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அடுத்த தேர்வு நாளில் பார்வையற்ற மாணவர்கள் அத்தனை பேருக்கும் அந்த நகல்கள்தான் என்று ஆணை வந்தது. அதன் கடைசி வரியில், செம்மலருக்கு அதைத் தரக் கூடாது, அவரே பயிற்றுவித்த கருவி என்பதால் என்று இருந்தது. தனக்குத் தெரிந்த ஆளை எழுதுணையாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் பழைய விதிதான்.

கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் மற்றவர்களுக்கு நல்ல பெட்டி கிடைக்காது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மைதான். ஆனால் செம்மலரிடம் இதைச் சொல்லவில்லை. எழுதப் போகிறவளைக் கலைக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

மறுதேர்வும் மற்றத் துறைகளின் தேர்வும் ஒரே நாளில் வந்தன. வராந்தாவை ஒட்டி வரிசையாகத் தனி அறைகள். செம்மலரின் அறையில் நானே உட்கார்ந்தேன். மருந்துக்கான பொத்தான் என் மேசையில் இருந்தது.

முதல் கேள்வியில் படம் இல்லை. சரசரவென்று சொல்லி முடித்தாள். பொத்தானை அழுத்தினேன். இரண்டாவதில் படம்.

"ஒரு கோடு இருக்கிறது" என்றது பெட்டி. "மேலே போகிறது."

செம்மலர் மூச்சை இழுத்து விட்டாள். சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். சரிவு என்றால் என்ன, தொடக்கம் என்றால் எது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவழியாக விடையைச் சொல்லி முடித்தாள். நான் பொத்தானை அழுத்தினேன். மூன்றாவது கேள்வி. "ஒரு கோடு இருக்கிறது" என்றது பெட்டி, அவளை முன்பின் பார்த்திராததுபோல.

அவள் நெற்றியை மேசைமேல் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நான் பாதி எழுந்துவிட்டேன். நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"மேடம், கூடுதல் தாள் தருவீங்கல்ல? அதோட ஊக்கு ஒண்ணு வேணும்."

விதியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தேர்வறையில் கணக்குப் போடத் தரும் தாளில் பாடக் குறிப்பு எழுதக் கூடாது. மடிக்கக் கூடாது என்றோ குத்தக் கூடாது என்றோ எங்கும் இல்லை. இப்படி ஒருத்தி வருவாள் என்று விதி எழுதியவர்களுக்கும் தோன்றவில்லை. என் புடவைத் தலைப்பில் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். அந்நியப் பொருள் என்று கேமரா கத்தியது. அனுமதி என்று அழுத்தினேன். தலைப்பு நழுவி விழுந்ததை அள்ளி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அவள் தாளை நீளவாக்கில் மடித்தாள், குறுக்கே மடித்தாள், மறுபடி மடித்தாள். விரித்தபோது மடிப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக நின்றன. பெட்டியிடம் பாடம் எதுவும் பேசவில்லை. கோடு எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது, அடுத்து எந்தக் கட்டம், அடுத்து எது என்று எண்ணை மட்டும் கேட்டாள். எண் சொல்லப் பத்தாம் வகுப்பு போதும். பெட்டி சொல்லச் சொல்ல மடிப்பைத் தடவி ஊக்கால் குத்தினாள். முடித்து, தாளைத் திருப்பிப் போட்டு, புள்ளிகள்மேல் ஆள்காட்டி விரலை ஓட்டினாள். வலது ஓரத்திலிருந்து. அவள் உதடு லேசாக அசைந்தது. பிறகு விடையைச் சொல்ல ஆரம்பித்தாள், நிற்காமல்.

பொத்தானை அழுத்தினேன். பெட்டி மறந்தது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, தாள் மறக்காது. இனி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள். ஒரு தடவை ஊக்கு விரலில் ஏறிவிட்டது. சப்பிக்கொண்டே விடை சொன்னாள். நேரம் முடிந்தபோது எட்டாவது கேள்வியின் கடைசி வாக்கியம் மட்டும்தான் பாக்கி.

முதல் வகுப்பு வந்துவிடும் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். அங்கே இன்னொரு அறையிலிருந்து எஸ்தர் என்ற இளங்கலைக் கணித மாணவி வெள்ளைக்கோலைத் தட்டியபடி வந்துகொண்டிருந்தாள். குரல் கேட்டு நின்றாள்.

"செம்மலரக்காவா? ஒங்களுக்கும் இன்னைக்கித்தானா? அக்கா, இந்தத் தடவ பெட்டி சூப்பரா விவரிச்சுச்சுக்கா. படத்தக் கையில குடுத்த மாதிரியே இருந்துச்சு. ஒரே ஒரு குறைதான். எல்லாத்தையும் வலப்பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்குது. முன்னாடியே சொல்லிருதுதான், ஆனாலும் திருப்பி நெனச்சுப் பாக்க வேண்டியிருக்கு. புகார் குடுத்துட்டேன், சரி பண்ணிருவாங்களாம்."

என் கைக்குள் இருந்த செம்மலரின் கை அசையாமல் நின்றது. எஸ்தர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். கோல் தட்டும் சத்தம் படிக்கட்டில் இறங்கி மறையும்வரை செம்மலர் காத்திருந்தாள்.

"அப்ப எல்லாருக்கும் நான் வேணும். எனக்கு மட்டும் நான் ஆகாது. அப்படித்தான மேடம்?"

ஆமாம் என்றேன். முன்பே சொல்லாததற்கு மன்னிக்கச் சொன்னேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. வராந்தாக் கடைசியில் அவள் அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். செம்மலர் ஓட்டை போட்ட தாள்களை என் கையில் ஒப்படைத்தாள், ஊக்கையும் கொடுத்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அந்த வலப்பக்கத்த மட்டும் திருத்திராதீங்க. அது எங்கம்மா குத்துன பக்கம்" என்றாள்.

எஸ்தரின் புகார் மறுநாள் காலை என் மேசைக்கு வந்தது. இடப்பக்கம் வேண்டுமா வலப்பக்கம் வேண்டுமா என்று மாணவரையே கேட்கும்படி பெட்டியை மாற்றினேன். அரை மணி நேர வேலை. புகார் தீர்ந்தது என்று மேலே எழுதி அனுப்பினேன். மாணவர் எதுவும் சொல்லாவிட்டால் பெட்டி எந்தப் பக்கம் தொடங்கும் என்று நயினார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.